அந்தோணியாருக்குப் போன மூட்டை

அன்பு மாப்பிள்ளை அருள்பிரகாஷுக்கு, திருத்துறைப்பூண்டி களத்துமேட்டிலிருந்து உன் தாய்மாமன் மதலைமுத்து ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அத்தை அக்னஸும் நலம். நெல்தான் நலமில்லை. சிங்கப்பூரில் நீங்கள் நலமென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, சோறு தின்கிற போட்டோவையே அனுப்பிவிட்டாய். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் ‘நெல்லு’ என்று வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

“மாமா, உங்க அரிசிய கடையில பாத்தோம், பாக்கெட்டுல இருந்த கட்டத்துக்கு நேரா போனை நீட்டுனா உங்க போட்டோ வருது, ஃபெபி தாத்தா தாத்தான்னு குதிக்கிறா” என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தாய். குழந்தை குதிக்கட்டும். அந்தப் போட்டோவை எடுத்த கதையை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. என் நெல்லை வாங்கிப் பாக்கெட் போட்டு விற்கிற இந்தக் கம்பெனியை எனக்குக் காட்டிக்கொடுத்ததே நீதான். ஒப்பந்தத்தை இங்கிலீஷில் படித்துவிட்டு, “எல்லாம் சும்மா சம்பிரதாயம் மாமா, போடுங்க கையெழுத்தை” என்றாய். போட்டேன். அன்றிலிருந்து மூன்று வருஷம் செம்மொழி என்கிற அந்தக் கம்பெனிப் பெண் என் வயலைப் படமெடுத்தாள். விதை விட்டால் படம், நடவு நட்டால் படம், தழையுரத்துக்குச் சணப்பை மடக்கி உழுதால் படம், நான் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்தால் அதற்கும் படம். என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை படம் எடுக்கவில்லை. மருந்தடிக்காமல், ரசாயன உரம் போடாமல் பூச்சியோடு மல்லுக்கட்டி நான் விளைவித்த தூயமல்லி நெல்லுக்கு அதுதான் சாட்சி என்றார்கள். எனக்கும் ஒரு காப்பி கொடும்மா என்றேன். “எனக்கு உள்ள போடத்தாங்க முடியும், வெளிய எடுக்க முடியாதுங்க” என்றாள். உண்டியல் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தை அறுப்பில்தான் சனியன் பிடித்தது. களத்தில் நெல்லைக் காயவைத்து மூட்டை பிடித்ததும், ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு வில்லையைப் போட்டுத் தைத்தார்கள், மூட்டை எங்கே போனாலும் அது கம்பெனிக்குச் சொல்லிவிடுமாம். நமக்கு ஒரு வழக்கம் உண்டு, உனக்கே தெரியும், முதல் மூட்டை அந்தோணியார் கோயிலுக்கு. நானும் வில்லையை நினைக்காமல் முதல் மூட்டையை வண்டியில் ஏற்றிக் கோயிலில் இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஏலம் விட்டார்கள். வருஷா வருஷம் வருகிற நாகூர் ஹபீப் முகம்மதுதான் எடுத்தார். நம்ம அந்தோணியார் நெல்லில் அவர் தர்காவில் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது அவருடைய நேர்த்திக்கடன். மூட்டை நாகூர் போனது, அந்த வில்லையும் ஒரு வார்த்தை விடாமல் கம்பெனிக்குக் கோள் சொல்லிவிட்டது. மறுநாளே செய்தி: சரக்கை வெளியாருக்கு விற்ற குற்றத்துக்காக மீதி நெல்லை எடுப்பதாக இல்லை!

தஞ்சாவூர் ஆபீசுக்கு ஓடினேன். மேனேஜர் தங்கமான பையன், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கழுத்தை அறுத்தான். “விக்கலீங்க தம்பி, அந்தோணியாருக்குக் கொடுத்தேன்” என்றேன். அவன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான், “அந்தோணியார் எங்ககிட்ட பதிவு பண்ண வியாபாரி இல்லீங்களேய்யா.” சிரிக்காதே மாப்பிள்ளை, நான் சிரிக்கவில்லை. சரி, நீங்கள் எடுக்க வேண்டாம், கும்பகோணம் வியாபாரி கண்ணுசாமி எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், மருந்தடிக்காத நெல்தான் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார், அந்த மூன்று வருஷ விவரத்தை மட்டும் கொடுங்கள் என்றேன். “அது கம்பெனி சொத்துங்க” என்றான். “என் வயல் தம்பி அது!” “வயல் உங்களுதுதாங்கய்யா. வயலைப் பத்தின விவரம் எங்களுது.” பட்டா என் பெயரில், சிட்டா என் பெயரில், அடங்கல் கேட்டால் விஏஓ முணுமுணுத்துக்கொண்டாவது எழுதிக் கொடுக்கிறார். நான் குனிந்து நிமிர்ந்து செய்த வேலையை நான் செய்தேன் என்று சொல்ல மட்டும் எனக்குப் பாத்தியதை இல்லையாம். வயிறு எரிகிறது.

இப்போது நெல் களத்தில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. கிழக்கே மழைக் கருக்கல் கட்டுகிறது. அத்தாட்சி இல்லாவிட்டால் இது வெறும் நெல், கேட்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான், நனைந்தால் அதுவும் இல்லை. அக்னஸ் நாளெல்லாம் வானத்தைப் பார்க்கிறாள், நடுநடுவே என்னைப் பார்க்கிறாள். வானமே தேவலை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. உன் போனில் வந்த என் படத்தையும் அனுப்பியிருந்தாயே, அதைப் பெரிதாக்கிப் படித்தேன். என் மூஞ்சிக்குக் கீழே ‘தூயமல்லி, இந்த ஆண்டு தை அறுவடை’ என்று போட்டிருக்கிறது. என் தை அறுவடையில் நாகூர் போன ஒரு மூட்டை தவிர மிச்சமெல்லாம் இங்கே என் கண்ணெதிரில் கிடக்கிறது. அப்படியென்றால் நீங்கள் தின்றது யார் வீட்டு நெல் மாப்பிள்ளை? என்னை விலக்கிவிட்டு என் மூஞ்சியை மட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ கம்ப்யூட்டர் படித்தவன். என் விவரத்தை எப்படியாவது அவர்களிடமிருந்து பிடுங்கிக் கொடு. இனி அந்தக் கம்பெனி என் வரப்பை மிதித்தால் நான் மதலைமுத்து இல்லை.

ஃபெபிக்கு என் முத்தம். அவள் தாய்க்கு என் ஆசீர்வாதம். நீங்கள் தின்கிற சோறு யாருடையதானாலும் உடம்பில் ஒட்டட்டும், ஆண்டவர் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் மாமன்
மதலைமுத்து

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. தபாலில் சேர்ப்பதற்குள் தூறல் போட்டுவிட்டது, மேனேஜர் லாரியோடு வந்து நின்றான். புது ஒப்பந்தம் நீட்டினான்: படம், வயலைப் பற்றிய விவரம் எல்லாம் என்றைக்கும் அவர்களுடையது, ஒரு பிடி நெல் வேறெங்கும் போகக்கூடாது, அந்தோணியாருக்கும் சேர்த்துத்தான். அக்னஸ்தான் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன், நெல் லாரியில் ஏறிவிட்டது. பழைய படத்தில் முகம் வாடியிருக்கிறதாம், புதிதாக எடுத்தார்கள். “கொஞ்சம் சிரிங்கய்யா” என்றான், சிரித்தேன். அந்தப் பாக்கெட் இங்கே கடைகளில் கிடைக்காது, அதனால் நான் பார்க்க வழியில்லை. அடுத்த தடவை வாங்கும்போது படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று நீ பார்த்துச் சொல்.