ஏழு மணி இங்கிலீஷ்

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் சேலை விரித்துக் காட்டுகிற தனசேகரனுக்கு, அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, பெரிய அவமானம் நேர்ந்துவிட்டது. கோயில் பார்க்க வந்த அமெரிக்க அம்மாள் ஒருத்தி கடைக்குள் நுழைந்தாள். மாம்பழக் கலர் சேலையைத் தடவினாள். விலை கேட்டாள். கேட்டதும் கண்ணை உருட்டி, "ஆன் ஆர்ம் அண்ட் எ லெக்!" என்றாள்.

ஆர்ம் என்றால் கை. லெக் என்றால் கால். அவ்வளவு தூரம் தனசேகரனுக்குத் தெரியும். பாவம், கோயில் கோயிலாக நடந்ததில் கைகால் குடைகிறது போலிருக்கிறது என்று ஓடிப்போய்த் தைலம் கொண்டுவந்து நீட்டினார். விலை ரொம்ப ஜாஸ்தி என்பதைத்தான் வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று முதலாளி விளக்கியபோது கடையே சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்தாள். தைலத்தை எடுத்துக்கொண்டு, சேலையை விட்டுவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கினார். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ரேணுகாம்பாளிடம் பிரகடனம் செய்தார்.

"ரேணு! இன்னிலருந்து தெனம் ஏழுலருந்து எட்டு வரைக்கும் இந்த வூட்ல இங்கிலீஷ்தான். ஒரு வார்த்தை தமிழ் வரக்கூடாது."

"எனக்கு எஸ்ஸு, நோ, தேங்க்யூ, இத வுட்டா ஒண்ணும் தெரியாதே."

"குடும்பம் நடத்த அது போதும்."

"சரிங்க. இன்னும் ஏழு ஆவல. மொதல்ல செருப்ப வெளியில வுடுங்க."

முதல் நாள் சாப்பாட்டிலேயே சிக்கல். ரசம் வேண்டும். ரசத்துக்கு இங்கிலீஷ் என்ன? புத்தகத்தைப் புரட்டி, "பெப்பர் வாட்டர்!" என்றார். ரேணுகாம்பாள் ஒரு சொம்புத் தண்ணீரில் மிளகை மிதக்கவிட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவர் ரசச் சட்டியைப் பார்த்து விரலை நீட்டினார். "நோ" என்று தலையாட்டினாள். விரலும் தமிழ்தானாம்.

"ஆர் யூ புல்லிங் மை லெக்?"

"எஸ்."

எட்டு அடித்ததும் அவர் அதற்கு அர்த்தம் சொன்னார். "காலை இழுக்கிறியான்னா, கேலி பண்றியான்னு அர்த்தம்."

"அவ்ளோதானா? நம்ம ஊர்ல காலை வார்றதுன்னா குழி பறிக்கிறது ஆச்சே. வெள்ளைக்காரன் கால் பரவால்லங்க."

மறுவாரம் அவர் புத்தகத்தின் கஷ்டமான பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். சந்தோஷம் தாங்கவில்லை.

"ரேணு, இங்கதான் இருக்குது சூட்சுமம். 'டூ யூ மைண்ட்'னு ஒருத்தன் கேட்டா, ஒனக்கு ஆட்சேபணை உண்டான்னு கேக்கறான். நோன்னு சொன்னா ஆட்சேபணை இல்ல, தாராளமா செய்யின்னு அர்த்தம்."

"நோன்னா சரியா?"

"ஆமா."

"அப்ப எஸ்ஸுன்னா?"

"கூடாதுன்னு அர்த்தம்."

"நல்லா இருக்குதுங்க இந்த பாஷை!" என்றாள். அவ்வளவு உற்சாகத்தோடு அவள் எதையும் கற்றுக்கொண்டு அவர் பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரு பழைய ஆசை இருந்தது. பக்கத்து வீட்டுச் சரிகை வியாபாரி கௌஸ் பாஷாவின் மனைவி ஷஹர்பானு, பொழுது சாய்ந்தால் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுப்பாள். ரேணுகாம்பாள் போகிறேன் என்று கேட்கும்போதெல்லாம் தனசேகரன், "அப்புறம் எனக்குச் சூடா சோறு யார் போடுவாங்க?" என்று வாயை அடைத்துவிடுவார்.

அடுத்த நாள் ஏழு மணிக்குக் கௌஸ் பாஷாவும் ஷஹர்பானுவும் வாசலில் வந்து நின்றார்கள்.

"இன்னாப்பா தனசேகர், இங்கிலீஷ்ல வெளுத்துக் கட்றியாமே! தங்கச்சி சொல்லிச்சு. கேட்டுப் போலாம்னு வந்தோம்."

தனசேகரனுக்கு உச்சி குளிர்ந்தது. "கம், கம், சிட்" என்று நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

ரேணுகாம்பாள் முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"மிஸ்டர் தனசேகரன்!"

கட்டினவள் வாயால் தன் பேரைக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. இங்கிலீஷில் சொன்னால் தோஷமில்லை போலிருக்கிறது.

"டூ யூ மைண்ட்... ஐ கோ... டெய்லரிங் கிளாஸ்... டெய்லி?"

"நோ! நோ! நோ!" என்று அலறினார்.

"தேங்க்யூ."

"அடியே, நான் சொன்னது..."

அவள் உதட்டில் விரல் வைத்துக் கடிகாரத்தைக் காட்டினாள். விரல் திடீரென்று இங்கிலீஷாகிவிட்டது.

கௌஸ் பாஷா தாடியைத் தடவினார். "நோன்னா ஆட்சேபணை இல்லன்னு அர்த்தமாமே. நீதான் சொல்லிக்குடுத்தியாம். மூணு வாட்டி சொல்ட்டியேப்பா. பெரிய மனசு."

அப்போதுதான் தனசேகரனுக்கு உறைத்தது. மாற்றிச் சொல்லவேண்டும்! புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "எஸ்! எஸ்! எஸ்!" என்று கத்தினார்.

இலக்கணம் எதுவும் படிக்காத ஷஹர்பானு கையைக் கொட்டிச் சிரித்தாள். "அல்லாவே, அண்ணன் எஸ்ஸே சொல்லிட்டாரு! ரேணு, நாளைக்கே வந்துடு."

நோ என்றாலும் சரி, எஸ் என்றாலும் சரி. மூன்றாவதாக ஒரு வார்த்தை இருக்கிறதா என்று எட்டு மணிவரை புத்தகத்தைப் புரட்டினார். வெள்ளைக்காரன் அவரைக் கைவிட்டுவிட்டான்.

மறுநாள் முதல் சாயங்காலத்தில் ஸ்டவ்வுக்குக் காற்றடிப்பது தனசேகரன் வேலையாயிற்று. சோறு ஒருநாள் கூழானது, ஒருநாள் கரியானது. பக்கத்து வீட்டில் மிஷின் கடகடக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டேயிருந்தது. சட்டியைச் சுரண்டிக்கொண்டே, இங்கிலீஷில் திட்டுவதற்கென்று ஒரு பக்கம் அந்தப் புத்தகத்தில் ஏன் இல்லை என்று யோசித்தார்.

ஒருநாள் ரேணுகாம்பாள் டேப்போடு வந்து அவர் இடுப்பைச் சுற்றி அளவெடுத்தாள். அவருக்கு மனம் இளகிவிட்டது. என்ன இருந்தாலும் கட்டினவள். முதன்முதலாகத் தைப்பது புருஷனுக்குத்தானே!

"ஜிப்பாவா ரேணு?"

"இல்லீங்க."

"அரைக்கைச் சட்டையா?"

"அதுவும் இல்லீங்க. இடுப்புல மட்டும் கட்டிக்கிறது. அதுக்குத் தமிழ்ல பேரே இல்லையாம். இங்கிலீஷ்ல சொல்றேன், மனப்பாடம் பண்ணிக்குங்க" என்றாள் ரேணுகாம்பாள். "வேட்டியில கரி படாம சமைக்கிறதுக்கு, ஏப்ரன்."