பட்டாளத்து டெய்லரும் பழவேற்காட்டுப் பூநாரைகளும்

வெள்ளைக்காரக் கர்னலைப் பார்த்து "ஆடாம நில்லுய்யா!" என்று அதட்டிவிட்டு, உயிரோடும் கான்டிராக்டோடும் வீடு திரும்பிய மனிதர் பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், ஒரே ஒருவர்தான். அவர்தான் எங்கள் பிளாக்பள்ளிச் சந்தின் பட்டாளத்து டெய்லர். ஞானஸ்நானத்தின்போது அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அதைப் பாதிரி ஐயரவர்களே மறந்துபோய், கோவில் வாசலில் "என்ன டெய்லர், சௌக்கியமா?" என்றுதான் விசாரிப்பார்.

டெய்லர் கணக்கில் உலகத்து ஜீவராசிகள் இரண்டே வகை: நிற்கத் தெரிந்தவை, நிற்கத் தெரியாதவை. கொக்கும் நாரையும் உள்ளானும் முதல் வகை. மனித குலம் மொத்தமும் இரண்டாவது. அளவெடுக்கும்போது யாராவது கொஞ்சம் பலமாக மூச்சுவிட்டால் போதும், நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"கடலோரத்துல ஒரு பறவை ஒத்தக் கால்ல மூணு மணி நேரம் நிக்குது. உனக்கு ஆண்டவர் ரெண்டு கால் குடுத்திருக்காரு, மூணு நிமிஷம் நிக்க வரல. போ, நாளைக்கு வா."

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் சந்தில் மற்றவர்கள் மிச்சமிருக்கும் பலகாரத்தைத் தின்றுகொண்டிருப்பார்கள். டெய்லர் குடும்பம் தண்டு ஸ்டேஷனில் நிற்கும். சென்னைப் பட்டணம் வரை ஒரு ரயில், அங்கிருந்து பொன்னேரிக்கு இன்னொன்று, அப்புறம் மாட்டு வண்டி, அதற்கப்புறம் படகு. எல்லாம் எதற்கு? பழவேற்காட்டு ஏரியில் முட்டியளவு சேற்றில் நின்று பறவை பார்ப்பதற்கு! பறவை மிரளக் கூடாதென்று காக்கித் துண்டுகளை ஒட்டுப்போட்டு எல்லோருக்கும் அவரே உடுப்புத் தைத்துவிடுவார். அவர் மனைவி மேரியம்மாவின் புடவையைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி மண் நிறமாக்கிவிடுவார்.

"ஊர்ல புருஷனுங்க பொண்டாட்டிக்குப் பட்டு எடுத்துக் குடுக்கிறாங்க. இவரு இருக்கிறதையும் டீயில ஊறப்போடறாரு" என்பார் மேரியம்மா. ஆனால் ரயிலில் முதலில் ஏறி ஜன்னலோரம் பிடிப்பதும் அந்த அம்மாள்தான்.

பறவைகளுக்கெல்லாம் டெய்லர் தம் தொழிலிலிருந்தே பெயர் எடுத்துக் கொடுத்திருந்தார். வளைந்த நீள மூக்குக்காரக் கோட்டான் (ஆந்தை இல்லை, கரையோரப் பறவை), 'கோணி ஊசி'. ஈர மணலைக் கொத்திக்கொண்டே ஓடும் சின்ன உள்ளான்கள், 'மெஷின் தையல்'. சிவந்த நெடுங்கால் உள்ளானுக்கு 'ஸ்டாக்கிங்ஸ்'. "அவன் கால் ஒம்பது இன்ச், ஒரு நூல்கூட சுருக்கம் இல்ல" என்று அதன் காலைப் பற்றிப் பேசும்போது அவர் கண் கலங்கும்.

இந்தக் குடும்பத்தில்தான் நான் பெண் கேட்டேன்.

டெய்லரின் மூத்த மகள் எஸ்தர் கடையின் உள்பக்கம் உட்கார்ந்து பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள். அவளைப் பார்ப்பதற்காக ஒரே கால்சட்டையை நான்கு முறை "கொஞ்சம் குட்டை பண்ணணும்" என்று கொண்டுபோனேன். ஐந்தாம் முறை போயிருந்தால் அது வெறும் இடுப்புப் பட்டியாகத்தான் திரும்பி வந்திருக்கும். எனக்காகப் பேசப் பெரியவர்கள் யாரும் கிடையாது. நானே துணிந்து கேட்டேன்.

"டெய்லரய்யா, எஸ்தரைக் கட்டிக்கலாம்னு ஆசைப்படறேன்."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "நிப்பியா?" என்றார்.

"எதுல?"

"சேத்துல. டிசம்பர்ல எங்களோட வா. ரெண்டு மணி நேரம் வாயத் திறக்காம நின்னுட்டா மேற்கொண்டு பேசலாம். உன்னால ஒரே ஒரு பறவை எழும்பிச்சோ, வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிடணும்."

எனக்கு முன்னால் இரண்டு பேர் அப்படித் திரும்பியிருந்தார்கள். ஒருவன் வெள்ளை வெளேரென்ற டிரில் சூட்டில் வந்து கலங்கரை விளக்கம் மாதிரி நின்றான். ஏரி அரை நிமிஷத்தில் காலி. இன்னொருவன் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் நின்றானாம். அப்புறம் டெய்லர் காதில், "இதை வறுக்கிறதா, குழம்பு வைக்கிறதா?" என்று கேட்டிருக்கிறான்.

எனக்கு உடுப்பும் பிரச்சினை இல்லை, வயிறும் பிரச்சினை இல்லை. வாய்தான். நான் வேலை பார்த்த அச்சாபீஸில் மெஷின் ஓடும்போதும் என் பேச்சுத் தெருவுக்குக் கேட்கும் என்பார்கள். எஸ்தர் கவலையோடு கேட்டாள்:

"உங்களால முடியுமா?"

முடியும் என்பதற்கான காரணங்களை விளக்கினேன்.

"பாத்தீங்களா? 'முடியும்'னு ஒரு வார்த்தையில சொல்லத் தெரியல. கால் மணி நேரமா சொல்லிட்டிருக்கீங்க!"

பழவேற்காட்டில் அன்று விடிந்ததும் படகுக்காரர் கழி ஊன்றி எங்களை ஒரு திட்டருகே இறக்கிவிட்டார். டெய்லர், மேரியம்மா, எஸ்தர், அவளுக்குக் கீழே மூன்று வாண்டுகள், கடைசியில் நான். எல்லோரும் காக்கி. மேரியம்மா என் கையில் ஒரு கமர்கட்டைத் திணித்தார்.

"வாயில அடக்கிக்க தம்பி. ரெண்டு தாடையும் ஒட்டிக்கும். எங்க வீட்டுச் சின்னதுங்களுக்கும் இதான் வைத்தியம்."

"சுப்! மூச்!" என்றார் டெய்லர். நின்றோம்.

தூரத்தில் தண்ணீர்மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு நீளக் கோடு. விடியல் வெளிச்சம் என்றுதான் நினைத்தேன். அந்தக் கோடு நகர்ந்தது! பூநாரைகள். ஆயிரமா, இரண்டாயிரமா, யார் கண்டது. இந்தப் பக்கம் 'மெஷின் தையல்' ஒரு வரிசை டகடகவென்று ஓடியது. அந்தப் பக்கம் 'கோணி ஊசி' ஒன்று சேற்றில் மூக்கை முழுசாகச் செருகி ஒரு புழுவை உருவியது. என் நெஞ்சு முழுக்க வார்த்தை. வாய் முழுக்கக் கமர்கட்.

ஒரு நண்டு என் கால் கட்டைவிரலைப் பிடித்தது. கண்ணில் நீர் வந்தது, சத்தம் வரவில்லை. எஸ்தர் அதைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். டெய்லர்கூட ஓரக்கண்ணால் பார்த்து, 'பரவாயில்லை' என்பதுபோல் தலையை அரை இன்ச் அசைத்தார். ஒரு மணி நேரம் போயிற்று. ஒன்றரையும் போயிற்று. பூநாரைகள் மேய்ந்துகொண்டே கிட்டத்தில், இன்னும் கிட்டத்தில் வந்தன. ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை.

கமர்கட் கரைந்துவிட்டது.

முன்னால் வந்த பறவை நெட்டைக் கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, அலகைக் கவிழ்த்துப் போட்டுத் தின்ன ஆரம்பித்தது.

"ஐயோ, பாருங்கய்யா! தலைகீழா திங்குதுய்யா!"

அது என் குரல்தான். சத்தியமாக நான் கத்தவில்லை. அதுவாக வந்தது.

ஒன்று எழும்பியது. பத்து எழும்பின. அப்புறம் ஏரியே எழும்பியது! தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி, இறக்கையை விரித்து, எங்கள் தலைக்கு மேலாகவே வந்தன. நிற்கும்போது வெளிறித் தெரிந்தவற்றுக்கு உள்ளே அப்படி ஒரு சிவப்பு! வானம் பூராவும் சிவப்பும் கறுப்பும்.

டெய்லர் வாய் பிளந்து நின்றார். இருபது வருஷமாக அவர் பறவையைக் கலைக்காமல் பார்த்துவிட்டு, கலைக்காமலே பின்வாங்கிப் படகேறியவர். அவை பறப்பதை எங்கேயோ தூரத்தில் கோடாகத்தான் கண்டிருக்கிறார். அவர் தொண்டையிலிருந்து கர்னலை அதட்டிய குரல் கிளம்பியது.

"மேரி! லைனிங்கைப் பாருடி! உள்ள பூரா செவப்புடி! ஓரத்துக்குக் கறுப்பு பார்டர் குடுத்திருக்கான்டி!"

என் சத்தத்துக்குத் தப்பிய மிச்ச உள்ளான்களும் கோட்டான்களும் இந்தச் சத்தத்தில் பறந்தோடின. ஏரியில் மிஞ்சியது நாங்கள் ஏழு பேர் மட்டுமே.

படகில் கடைசிப் பலகையில் குறுகி உட்கார்ந்து, கால்சட்டைச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எஸ்தர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரை வரும் சமயம் டெய்லர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு பறவை எழும்பிச்சுன்னா திரும்பிப் போகணும்னு சொன்னேனா?"

"சொன்னீங்க."

"மொத்தமும் எழும்பினா என்னன்னு சொல்லலையே?"

"சொல்லல."

"அப்ப உன்னை எதை வச்சு அனுப்பறது?" என்றவர் படகுக்காரரிடம் திரும்பி, "நாளைக்கும் இதே நேரம் வாங்க. இவனும் வருவான்" என்றார்.

"இருபது வருஷமா எங்க வாயைத் தைச்சு வச்சிருந்தாரு மனுசன்" என்றார் மேரியம்மா. எஸ்தர் சிரித்த சிரிப்பில் படகே ஒருமுறை ஆடியது.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் அதே காக்கி, அதே சேறு. இரண்டு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் நிற்போம். கிளம்புகிற நேரத்தில் டெய்லர் அண்ணாந்து பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "மாப்ளே, ஸ்வல்ப கத்து, கொஞ்சமா" என்பார். வருஷத்துக்கு ஒரு கத்தல். அதற்கு மேல் அனுமதி இல்லை.

சென்ற டிசம்பரில் அவர் இல்லாமல் முதல் முறையாகப் போனோம். பூநாரைகள் எப்போதையும்விடக் கிட்டத்தில் வந்து நின்றன. கிளம்பும் நேரம் வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மேரியம்மாகூட, "கத்துப்பா" என்றார்.

எனக்குக் குரலே வரவில்லை.