பிரசங்க நேரத்து டால்பின்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஏழு வருஷமாகிவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் கப்பலேறிப் போனான். என் வீட்டு ஆட்சி மட்டும் கைமாறவே இல்லை. எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் பாதி ஆண்பிள்ளைகளுக்கு இதே கதிதான். அவர்கள் வெளியே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். என் பெயர் தேவதாஸ். ஆட்சி செய்பவள் பெயர் பொன்னம்மா.

மற்ற நாளெல்லாம் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கண்டம். காலையில் மாதா கோயில் பூசைக்குப் போவோம். பூசை முழுக்க லத்தீனில். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எழுந்திரு, உட்கார், முழங்கால் போடு என்று உடம்புக்கு ஓயாமல் வேலை இருப்பதால் தூக்கம் வராது. பிரசங்கம் மட்டும் தமிழில். உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்கலாம். நானும் உட்காருவேன். சாமியார் தொண்டையைக் கனைப்பதுதான் எனக்குக் கடைசியாகக் கேட்கும்.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் நல்ல பருமனான தூண் ஒன்று இருந்தது. அதன் பின்னால் என் இடம். பொன்னம்மாவால் என்னைக் கிள்ளவும் முடியாது, பார்க்கவும் முடியாது. அதனால் அவள் வேறு சட்டம் போட்டிருந்தாள். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பரீட்சை. சாமி என்ன சொன்னார் என்று நான் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மத்தியானம் வாத்துக் குழம்பு. தவறினால் ரசமும் வறுத்த நெத்திலியும்.

பொன்னம்மாவின் வாத்துக் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்பே எழுந்து, மசாலாவை அம்மியில் அரைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புவாள். அந்த வாசனை தெருமுனை வரைக்கும் வந்து எங்களை அழைத்துப் போகும். அதை அவள் என் எதிரில் உட்கார்ந்து எலும்பு எலும்பாக ரசித்துச் சாப்பிட, நான் நெத்திலியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தொடர்ந்து பல வாரங்கள் இப்படிப் போயின. மனுஷன் எத்தனை நாள் பொறுப்பான்?

அப்போதுதான் விஞ்ஞானம் கைகொடுத்தது. சீனத் தௌக்கேயின் கடையில் கோப்பி குடித்துக்கொண்டே பத்திரிகையைப் புரட்டினேன். டால்பின் என்று ஒரு கடல் பிராணி. நம் மீனவர்கள் லும்பா-லும்பா என்பார்களே, அதுதான். பார்த்தால் மீன், ஆனால் மீனில்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். அது தூங்கும்போது ஒரு கண்ணை மட்டும் மூடுமாம். மூளையில் பாதி தூங்க, மறுபாதி விழித்திருக்கும் போலிருக்கிறது என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் சொல்கிறார்களாம். எனக்குக் கோப்பி புரையேறிவிட்டது. தௌக்கேயிடம் கெஞ்சி அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

பொன்னம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் படித்துக் காட்டினேன்.

"அதுக்கு என்னாங்க இப்ப?" என்றாள்.

"எனக்கும் அதே தூக்கம்தான், பொன்னம்மா. வெளியில பாத்தா தூங்குற மாதிரி இருக்கும். உள்ள பாதி மூளை முழிச்சிக்கிட்டு சாமி சொல்றதெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கும்."

"அப்ப நான் கேட்டா ஏன் முழிக்கிறீங்க?"

"முழிச்சிருந்த பாதி அப்ப தூங்கப் போயிருது. முறை வச்சித்தான் தூங்கும்."

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுப் பத்திரிகையை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆண்டவர் படைப்பில் எதுவும் நடக்கும், வேதத்தில் கழுதையையே பேசவைத்தவர் ஆயிற்றே என்றாள். வருகிற ஞாயிறு ஒரு தடவை பார்ப்போம், நான் சரியாகச் சொல்லிவிட்டால் இனிமேல் பரீட்சையே கிடையாது, ஆயுசுக்கும் வாத்துக் குழம்பு என்றாள். சாயந்திரம், சாமியாரும் வருகிற மாதா சபைக் கூட்டத்துக்குப் போகும்போது அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். நான் வாத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுசு முழுக்கச் சாப்பாட்டுப் பிரச்சனை என்பதால் நான் எதையும் விதியின் கையில் விடவில்லை. என் பக்கத்தில் உட்காரும் நல்லையாவைப் பிடித்தேன். பிரசங்கத்தில் தூங்காத அபூர்வப் பிறவி அவன். சாமி சொல்வதைக் கேட்டு, கோயில் படியில் எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கூலி, ஒரு வாத்துக்கால். தலையைச் சொறிந்தான், பிறகு சரி என்றான்.

ஞாயிறு வந்தது. சாமி தொண்டையைக் கனைத்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதே இல்லை.

விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லோரும் எழுந்த சத்தத்தில் நானும் எழுந்தேன். பூசை முடிந்து வெளியே வந்தால், யாரைப் பார்த்தாலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முன்பின் பேசாத ஒருவர் கையைக் குலுக்கினார். சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் தோளில் தட்டிக்கொடுத்தார். புதுச் சட்டை போட்டிருந்தேன், அது எடுப்பாக இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். நல்லையா என் முகத்தைப் பார்க்காமலே, "யோனாஸ் தீர்க்கதரிசி, மீன் வயித்துல மூணு நாளு, கீழ்ப்படிதல்" என்று முணுமுணுத்துவிட்டு நடையைக் கட்டினான்.

வழியில் பொன்னம்மா கேட்க, நான் யோனாஸை எடுத்துவிட்டேன். கடலில் அடித்த காற்று, கப்பல்காரன் போட்ட கூச்சல், மீன் வயிற்றுக்குள் இருந்த இருட்டு, எதையும் விடவில்லை. கையை வீசி நடித்தே காட்டினேன். எதிரில் வந்த பெச்சாக்காரன் தன் மூன்று சக்கர வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தான். பொன்னம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"கடைசி வரைக்கும் கேட்டீங்களா?"

"ஒரு வார்த்தை விடல."

"பிரசங்கம் முடிஞ்சதும் சாமி ஒன்னு அறிவிச்சாரே. தடை இருந்தா இப்பவே சொல்லணும்னு மூணு தரம் கேட்டாரே. அதும் கேட்டுச்சா?"

இது எனக்குத் தெரியாததா? கல்யாண ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று கோயிலில் வாசிப்பது வழக்கம். எந்தப் பையனோ, எந்தப் பெண்ணோ.

"கேக்காம? நல்லாவே கேட்டுச்சு."

"உங்களுக்கு ஒன்னும் மறுப்பு இல்லையே?"

"எனக்கு என்னா மறுப்பு? ரொம்பப் பொருத்தமான ஜோடி."

அவளுக்கு இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீடு வரைக்கும் இருமிக்கொண்டே வந்தாள். பாவம், விடியற்காலைப் பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு மனசு கூடக் கஷ்டப்பட்டது.

வீட்டில் இலை போட்டு வாத்துக் குழம்பு பரிமாறினாள். முதல் கவளம் உள்ளே போனதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து உபதேசியார் வாசலில் நின்றார். கையில் என்னைவிட உயரமான ஒரு பிரம்பு. நுனியில் பஞ்சு வைத்துத் துணி சுற்றியிருந்தது.

"சாமி குடுத்துவிட்டாரு. வர்ற ஞாயிறுலேருந்து ஆரம்பிச்சிருங்க" என்றார்.

எதை ஆரம்பிப்பது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் முடியவில்லை. கேட்டால் நான் பிரசங்கத்தைக் கேட்கவில்லை என்று ஆகிவிடும். உபதேசியார் தானாகவே சொன்னார். இன்றைய பிரசங்கம் விழித்திருத்தலைப் பற்றியதாம். சாமி டால்பினைப் பற்றிச் சொல்லி, ஆண்டவர் நம் பங்கிலும் அப்படி ஒருவரை வைத்திருக்கிறார் என்று தூண் பக்கம் கையைக் காட்டினாராம். பிரசங்க நேரத்தில் தூங்குகிறவர்களை இந்தப் பிரம்பால் தொட்டு எழுப்பும் பொறுப்பு இனி சகோதரர் தேவதாஸுக்கு, தூங்கினாலும் அவருக்குக் காது கேட்கும், தடை இருந்தால் அவரே சொல்லலாம் என்று ஓலை வாசிப்பது போல மூன்று தரம் கேட்டாராம். நான் வாயைத் திறக்கவில்லையாம். ஆகவே சம்மதம்.

"நான் எப்ப..." என்று ஆரம்பித்தேன்.

பொன்னம்மாவின் கரண்டி என் இலைக்கு மேலே நின்றது. அதில் ஒரு வாத்துக்கால் இருந்தது.

"கேட்டேன்னு சொன்னீங்களே. இல்ல, தூங்கிட்டீங்களா?"

வாத்துக்காலைப் பார்த்தேன். பிரம்பைப் பார்த்தேன். உபதேசியாரைப் பார்த்தேன்.

"கேட்டேன்" என்றேன். கால் இலையில் விழுந்தது.

சாயந்திரம், பேச்சுத் தவறக்கூடாது என்று இன்னொரு வாத்துக்காலை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நல்லையா வீட்டுக்குப் போனேன். அப்படியே அவனை நாலு கேள்வி கேட்கவும் திட்டம். அவன் பெண்சாதி அஞ்சலை கதவைத் திறந்தாள். அடுப்பின் மேல் எங்கள் வீட்டுச் சட்டி இருந்தது. அக்கா காலையிலேயே முழு வாத்துக் கொடுத்துவிட்டார்களே, இது வேறு எதற்கு அண்ணே என்று கேட்டாள். யோனாஸ் எங்கிருந்து வந்தார் என்று அப்போது புரிந்தது. நல்லையா பின்கதவு வழியாகப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு பிரசங்க நேரத்தில் நான் பிரம்போடு நின்றேன். நின்றுகொண்டு தூங்க டால்பினாலும் முடியாது. சாமி சொன்னதை முதல் தடவையாக முழுவதும் கேட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பேசுகிறார். நல்லையாவை, தூங்காதபோதே, பலமாக நாலு தரம் தொட்டேன்.

வழியில் பொன்னம்மா வழக்கம்போல சாமி என்ன சொன்னார் என்று கேட்டாள். ஆயுசுக்கும் பரீட்சை இல்லை என்றாயே என்றேன்.

"பரீட்சை இல்லீங்க. நெசமாவே தெரியாமத்தான் கேக்குறேன். உங்கள கேள்வி கேக்கணுமேன்னு இத்தன வருசமா கண்ண கசக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். விடியிறதுக்கு முந்தி எழுந்து மசாலா அரைக்கிறவ நானு. இனிமே நீங்க கேட்டு வந்து சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கடுத்த வாரம் சாமி தொண்டையைக் கனைத்ததும் பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், முக்காட்டுக்குள், இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு என் மனைவி குழந்தை போலத் தூங்கினாள். பிரம்பை மெதுவாக அந்தப் பக்கம் நீட்டினேன்.

உபதேசியார் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். பிரம்பு ஆண்கள் பக்கத்துக்கு மட்டும்தான் என்று சாமி அன்றைக்கே அறிவித்திருந்தாராம். அதற்கும் நான் மறுப்புச் சொல்லவில்லையாம்.