பூட்டில்லாத தம்பி

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, கொழுந்தனார் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். அந்த ஆறும் சேர்ந்து கொடுத்த தொல்லையை, மாடிக்குக் குடிவந்தவர் ஒற்றை ஆளாகக் கொடுத்தார். அவருடைய சொந்தப் பெயர் இளம்பிள்ளையில் பாதிப் பேருக்குத் தெரியாது. பூட்டில்லாத தம்பி என்றால்தான் தெரியும்.

எங்கள் ஊர் சேலை நெய்கிற ஊர். புது டிசைன் தறியில் ஏறினால் ஜன்னலுக்குப் போர்வை கட்டுவோம். கட்டாவிட்டால், அடுத்த சந்தைக்குள் அதே மயில் அதே கழுத்தோடு பக்கத்துத் தெருவிலிருந்து வந்து நிற்கும். என் சொந்தத் தங்கை வந்தால்கூடத் தறியை மூடிவிட்டுத்தான் காபி போடுவேன். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் கதவுக்குப் பூட்டே வாங்காமல் குடியிருந்தார்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம். சாயங்காலம் வந்தால் வேறொரு வேலை. அரசாங்கத்தில் ராக்கெட் விடுகிறவர்கள், வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஏரி குளத்தைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்ததை ஊரறியத் திறந்து போட்டிருக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், குறை சொல்லலாம், திருத்தியும் அனுப்பலாம். சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். சம்பளம் கிடையாது.

"அப்ப எவன் வேணாலும் எடுத்துக்கிட்டுப் போயிருவானே தம்பி?"

"போவட்டுமுங்கம்மா. அதுக்குத்தானுங்க தொறந்து போட்டிருக்கறது."

இந்தப் பழக்கத்தை அவர் சமையலுக்கும் கொண்டுவந்தார். ஒருநாள் ரசச் சட்டியை மாடிப்படியில் வைத்துவிட்டு, "குறை இருந்தாத் திருத்துங்க" என்று தெருவுக்கே சொல்லிவிட்டார். ஒருத்தி புளி கரைத்து ஊற்றினாள். ஒருத்தி பருப்புப் போட்டாள். எதிர்வீட்டுக்காரி, யாரும் கேட்காமலே, முருங்கைக்காய் போட்டாள். கடைசியில் அது எந்தச் சாதியிலும் சேராத ஒரு குழம்பு. அதையும் குடித்துவிட்டுச் சொன்னார்:

"பல பேரு கை பட்டா நல்லதுதானுங்க. ஆனா எது சேரும், எது சேராதுன்னு பாக்க ஒருத்தரு சட்டிக்கிட்ட நிக்கோணும். அந்த ராக்கெட்டு ஆபீசுல நிக்கறாங்க. இங்க நான் மறந்துட்டேன்."

எழுதினதை அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் வந்து சொல்லிக்காட்டுவார். நான் மொச்சை உரித்துக்கொண்டு 'உம்' போடுவேன். ஒன்றும் விளங்காது. இருந்தாலும் குடியிருக்கிற பிள்ளை மனசு நோகக்கூடாதே.

"மேகம் மறைச்சிருந்தா, கம்ப்யூட்டரு அந்தப் படத்தைத் தள்ளிருமுங்க."

"உம். அப்புறம்?"

"அப்புறம்..." என்று நின்றவர், விறுவிறுவென்று மாடியேறிவிட்டார். தள்ளினபின் என்ன செய்வது என்பதை அவர் எழுதவே இல்லையாம்.

எல்லாம் சரி, கல்யாணம்தான் கூடவில்லை. சம்பளமில்லாத வேலைக்கு இராப்பகலாக உட்காருகிறவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வந்த இடமெல்லாம் தட்டிப்போனது. பிறகு குமாரபாளையத்தில் ஒரு பெண். அவளும் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவள். தம்பிக்குத் தாய் தகப்பன் இல்லாததால் நான்தான் மாப்பிள்ளை வீடாகப் போனேன். பஸ்ஸில், "இந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிட்டா எனக்குத் தாங்காதுங்கம்மா" என்றார். எதற்கும் கலங்காத ஆள்.

பெண்ணின் அப்பா பேர்போன டிசைன் மாஸ்டர்.

"ஏனுங் தம்பி, நீங்க எழுதறதை யாரு வேணாலும் எடுத்துக்கலாமாமா?"

"ஆமாங்க மாமா."

"என்ற டிசைனை நான் கட்டுன பொண்டாட்டிக்கே காட்டமாட்டேன்."

"காட்டுனா மட்டும் யாரு பாக்கறா?" என்றார் அவர் மனைவி, உள்ளிருந்து.

மாஸ்டர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அந்தப் பெண் கேட்டாள்: "எடுத்துக்கிட்டாலும், எழுதுனது யாருன்னு தெரியுமுங்களா?"

தம்பி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். வரிசையாகப் பெயர்கள். சின்னத் திருத்தம் செய்தவர் பெயரும் அதில் இருந்தது. அவள் படித்துக்கொண்டே வந்தாள். தம்பி பெயரும் வந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று.

"பழனியம்மாள், இளம்பிள்ளை. இது யாருங்க?"

"இவிங்கதானுங்க. இவிங்க கேட்டுத்தான் என்ற தப்பு தெரிஞ்சுது."

மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ராக்கெட்டு ஆபீசுலயா இருந்தீங்க?"

"இல்லீங்க. மொச்சை உரிச்சேனுங்க."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். "தலை நரைக்கற வரைக்கும் டிசைன் போட்டுட்டேன். ஒரு சேலையிலயும் என்ற பேரு இல்லீங்க. கடைக்காரன் பேருதான்." சிறிது நேரம் அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே பார்த்து, "காபி கொண்டா" என்றார்.

கல்யாணச் சேலையின் முந்தானை மூலையில், மாஸ்டர் பெயரையும் மகள் பெயரையும் சின்னதாக நெய்திருந்தார்கள். ஆனாலும் அது தறியில் இருந்தவரை ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்ததாகக் கேள்வி.

அவர்கள் குமாரபாளையத்திலேயே வீடு பார்த்துப் போய்விட்டார்கள். மாடி காலியாகத்தான் கிடக்கிறது. கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் பூட்டைத்தான் கேட்கிறார்கள். எனக்கு வாடகைக்கு விட மனசு வரவில்லை.

சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி. கண்ணு, எழுதுனதை ஒருக்காப் படிச்சுக் காட்டு. தப்பு இருந்தாத் திருத்து சாமி. திருத்துனா உன்ற பேரையும் கீழ போட்டுரு.