ஊசி அண்ணையும் என் தேங்காயும்

இடி, மழை, ரயில், ராசனின் தும்மல் ஆகிய நான்கையும் நிறுத்தப் பார்த்த ஒரே மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் ஊசி அண்ணைதான். முதல் இரண்டிலும் தோற்றார். தும்மலில் ஓரளவு வெற்றி. ரயிலை ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை வென்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்த பெருமை அடியேனைச் சாரும்.

எண்பதுகளின் கடைசி. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து யாழ்ப்பாணத்து ஆண்கள் குடியிருந்தோம். எனக்குப் பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட். ராசனுக்கு பேக்கரியில் வேலை. மூக்கில் மா ஏறி எந்நேரமும் தும்முவான். கீழ் அறையில் ஊசி அண்ணை. பெற்றோர் அவருக்கு வைத்த பெயரை ஒருமுறை மின்சார பில்லில் பார்த்து, அன்றைக்கே மறந்துவிட்டேன்.

பழைய இசைத்தட்டில் ஊசியை வைக்குமுன் அவர் "ஊசி!" என்று ஒரு சத்தம் போடுவார். உடனே வீட்டில் எல்லோரும் நின்ற இடத்தில் நின்றுவிட வேண்டும். பலகைத் தரை; யாராவது ஓரடி எடுத்து வைத்தால் ஊசி துள்ளிவிடும். மாடியில் காற்சட்டைக்குள் ஒரு காலை விட்டபடி மூன்று நிமிடம் ஒற்றைக்காலில் தவம் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மாதா மாதம் இந்தப் பத்திரிகைக்குத் தன் படத்தை அனுப்புகிறார். நீங்கள் இந்தப் பக்கத்தின் மேல் மூலையில் பார்க்கலாம்.

அண்ணை சேர்த்தவை அமெரிக்கக் கறுப்பு மக்களின் பழைய புளூஸ் பாட்டுகள். நல்ல தட்டென்றால் கையாலும் தொடமாட்டார். கீறியது, வளைந்தது, வெடித்தது, இவைதான் வேண்டும். பாட்டை ஒலிநாடாவில் ஏற்றுவார். வெடிப்பின் மேல் ஊசி ஏறும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்' விழும். மூன்று நிமிடத்துக்கு இருநூறுக்குக் குறையாது. ஒவ்வொரு டிக்கையும் நாடாவிலிருந்து சவர பிளேட்டால் நறுக்கி எடுத்து, மிச்சத்தை ஒட்டுவார். வீட்டில் இருந்த பிளேட்டெல்லாம் அதற்கே போய், ஒரு குளிர்காலம் முழுவதும் நாங்கள் தாடியோடு திரிந்தோம். கோயிலில் கண்டவர்கள், ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் காதல் தோல்வியா என்று அனுதாபப்பட்டார்கள்.

தட்டுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவி, கோப்பை என்று நாங்கள் சொல்லும் சாப்பாட்டுத் தட்டுகளைக் காயவைக்கும் கம்பிச் சட்டத்திலேயே நிமிர்த்தி வைப்பார். நான் வந்த முதல் வாரம். கறுப்பாக, வட்டமாக, பளபளவென்று ஒன்று இருந்தது. லண்டனில் இப்படித்தான் சாப்பாட்டுக் கோப்பை செய்கிறார்கள் போலும் என்று எண்ணி, அதில் புட்டைப் போட்டுத் தேங்காய்ப்பால் சொதியையும் ஊற்றினேன். நடு ஓட்டையால் சொதி மடியில் ஒழுகியபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கோப்பை தரமில்லை என்றுதான் நினைத்தேன்.

அண்ணை கத்துவார் என்று பார்த்தேன். அவர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல காலம், மற்றப் பக்கத்தில சாப்பிட்டிருக்கிறாய்" என்றார்.

ஒருநாள் கேட்டேன்: "அண்ணை, இவை பாடுறது உங்களுக்கு விளங்குதோ?"

"அரைவாசி விளங்கேல்லை."

"பிறகேன் இந்தப் பாடு?"

"பாடினவையும் செத்துப் போச்சினம். கேட்டவையும் செத்துப் போச்சினம். தட்டும் உடைஞ்சுதெண்டா, அவை பாடவே இல்லை எண்டெல்லோ ஆயிடும்."

 "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டேன். மறுமொழி வராத இடமெல்லாம் நான் தேத்தண்ணி கேட்பது வழக்கம்.

அப்படியிருக்கையில்தான் லூயிஷாம் சந்தையிலிருந்து ஒரு தட்டைக் குழந்தைப்பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். யாரோ அதைப் பெயின்ட் வாளிக்கு மூடியாக வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பச்சைப் பெயின்ட். மறுபக்கத்தில் லேபிள் உரிந்து, விளிம்பிலிருந்து நடுவரைக்கும் ஒரு வெடிப்பு. தட்டில் பொறித்திருந்த எண்ணை மட்டும் வைத்து, அமெரிக்காவில் இப்படியான தட்டுகளுக்குப் பட்டியல் எழுதிவந்த ஒரு கிழவருக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது. இந்த எண்ணில் இன்னொரு தட்டு எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை. வெடிப்பு நீங்கள் சொல்கிற மாதிரி என்றால் இன்னும் ஒரு தடவைதான் தாங்கும். தயவுசெய்து அந்த ஒரு தடவையை வீணாக்க வேண்டாம்.

அண்ணை இரண்டு மாதம் அந்தத் தட்டில் ஊசியே வைக்கவில்லை. ரயில் அதிர்ச்சிக்குப் பயம். கடைசியில் ஸ்டேஷனில் ஓர் அறிவித்தல்: பாதை திருத்த வேலை, ஞாயிறு முழுவதும் ரயில் இல்லை. லண்டனே திட்டித் தீர்த்த அந்த அறிவித்தலைப் பார்த்துச் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று காலையிலிருந்து தட்டைத் துடைத்தார், வெடிப்புக்குப் பின்புறம் மெழுகு வைத்தார், ஊசித் தலையில் பாரத்துக்கு ஒரு சில்லறைக் காசை ஒட்டினார். ராசனைத் தும்மலோடு சேர்த்துப் பூங்காவுக்கு அனுப்பினார். எல்லாம் ஆயத்தமானபோது மாலை நாலரை. நான் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். 

"அண்ணை, இப்ப ராகு காலம். ஆறு மணிக்குப் பிறகு போடுவமே?"

"பேசாமப் போய் ஒரு மூலையில இரடா."

இருந்தேனா? உலகத்தில் ஒன்றேயொன்று, அதையும் ராகு காலத்தில் தொடுகிறாரே என்று மனம் கேட்கவில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்தால் தோஷம் போய்விடும். வீட்டுக்குள்ளேதானே அசையக்கூடாது? சட்டத்தை மதித்து, பூசையை வீட்டுப் பின்வளவில் வைப்பதென்று முடிவெடுத்தேன். சமையலறையில் தேங்காய் கிடைத்தது, கற்பூரம் கிடைத்தது, நெருப்புப்பெட்டிதான் கிடைக்கவில்லை. தேடி எடுத்து, பின்வளவுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தி, "அப்பனே, அந்தப் பாட்டைக் காப்பாற்று" என்று மனமுருகி வேண்டி, இரு கைகளாலும் ஓங்கி, சீமெந்துப் படியில் அடித்தேன். பூசையின் பரபரப்பில், அண்ணை "ஊசி!" என்று கத்தியதும் கேட்கவில்லை, அந்தப் படி அவருடைய அறைச் சுவரோடு ஒட்டிக் கட்டியது என்ற நினைவும் வரவில்லை.

டொம்.

உள்ளே ஓடினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒலிநாடாவும் பதிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் குரல். யாரையோ வாசலில் நிற்க வைத்துக் கதை கேட்கிற மாதிரி. அண்ணை கண்ணை மூடியபடி, கை ஊசிக்கு மேலே, தொடாமல். பாட்டு முடிந்து அவர் தட்டைத் தூக்கினார். அது இரண்டாகப் பிரிந்து, கைக்கு ஒரு பாதியாக வந்தது.

அண்ணை நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் ஒரு நாளைக்கு ஒன்பது தரம் தேத்தண்ணி கேட்டேன். எந்த நேரத்திலும் வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்று பெட்டியைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் அறைக்குக் கூப்பிட்டார். நாடாவை ஓடவிட்டார். டிக் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் நறுக்கிவிட்டிருந்தார். இரண்டாவது நிமிடத்தில், கோயில் மேளக்காரன் வழிதவறி வந்த மாதிரி, டொம்.

"இதையும் வெட்டுங்கோவன் அண்ணை" என்றேன். 

"ஏலாது. அதுக்குக் கீழ அந்தப் பிள்ளையின்ர ஒரு சொல் கிடக்கு. தேங்காயை வெட்டினா அவளின்ர சொல்லும் போயிடும். கிடக்கட்டும்." நாடாவை நிறுத்திவிட்டு, "அதுசரி, உந்தக் கலண்டர் எங்கத்தையான்?" என்றார்.

"அம்மா ஊரிலயிருந்து அனுப்பினது."

"அப்ப அது ஊர் நேரமெல்லோடா. உன்ர ராகு மத்தியானமே ஷிப்ட் முடிச்சு வீட்டை போயிட்டான்."

அமெரிக்கக் கிழவருக்கு ஒரு பிரதி போனது. அவர் உருகிப்போய் நன்றி எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: இரண்டாவது நிமிடத்தில் ஒரேயொருமுறை முழங்குகிறதே, அது என்ன வாத்தியம்? அந்தக் காலத்துப் பாட்டு எதிலும் தான் அதைக் கேட்டதில்லையாம்.

"என்னண்ணை எழுதினீங்கள்?"

"உண்மையைத்தான். தேங்காய் எண்டு எழுதிப்போட்டன். அங்கை இருந்து ஆராயட்டும்."

தொண்ணூறுகளில் ஆளாளுக்குக் கலியாணம் கட்டி வீடு கலைந்தது. நான் லண்டனின் மறுகோடியில் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தேன். புறப்படுகிற அன்று அண்ணை என் சட்டைப் பையில் ஒரு காசெட்டைச் செருகினார். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எடுத்து வாசித்தேன். அவருடைய கோணல் எழுத்து:

பாட்டு: பேர் தெரியாத பெண்.
கிற்றார்: பேர் தெரியாத ஆள்.
தேங்காய்: என்ர தம்பி.

அண்ணை இப்போது இல்லை. அந்தக் காசெட்டை எப்போதாவது போடுவேன். போட்டதும், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற இடத்தில் நின்றுவிடுவேன். "காசெட்டில ஊசி துள்ளாதப்பா, வந்து இருங்கோ" என்பாள் மனைவி. அது எனக்கும் தெரியும். ஆனால் மூன்று நிமிடமும் முடியும்வரை என்னால் அசைய ஏலாது.