தண்டனைப் பெட்டியில் மட்டன் ரோல்ஸ்

வெரிபீ, மெல்பேர்ண்
செப்டம்பர் 3

பேரன்பும் மரியாதையும் மிக்க பெரியண்ணாவுக்கு,

ரொறன்ரோவில் நீங்களும் அண்ணியும் சுகமே இருக்க வேண்டுகிறேன். இங்கு மிருணாளினியின் இடது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். வாட்ஸ்அப்பில் எழுதினால் அரை மணித்தியாலத்தில் அது குடும்பக் குழுவுக்குப் போய்விடுகிறது, ஆகவே கடிதம். இதைக் குறையாக எடுக்க வேண்டாம்.

உங்களிடம் ஓர் உதவி. மிருணாளினியைக் கூப்பிட்டு, ஐஸ் ஹொக்கி போதும், அடுத்த பருவத்துக்கு விண்ணப்பிக்காதே என்று சொல்லுங்கள். விண்ணப்பிக்க ஒரு மாதம் இருக்கிறது. பன்னிரண்டு வயதாகிவிட்டதால் அவள் என் பேச்சைக் கேட்பதில்லை; பெரியப்பா சொன்னால் கேட்பாள். இதை உங்களிடம் கேட்பதில் ஒரு நியாயமும் உண்டு. உங்கள் மகன் சுபாங்கனுக்குச் சிறிதாகிப்போன தலைக்கவசம், தோள்கவசம், சறுக்குச் சப்பாத்து எல்லாவற்றையும் பெட்டி கட்டி அனுப்பியது நீங்கள். ஒரு கிரிக்கெட் மட்டை அனுப்பியிருந்தால் நான் இன்று மானத்தோடு இருந்திருப்பேன்.

அந்தக் கவசங்கள் வியர்வையில் ஊறினால் என்ன மணம் வரும் என்பதை நீங்கள் பெட்டியின்மேல் எழுதியிருக்கலாம். வீட்டில் சிவனேஸ்வரி அவற்றைக் குசினி அடுப்புப் பக்கம் விடுவதில்லை. கொடியில் காயப்போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிறார். ஞாயிறு தோறும் விடியுமுன் எழும்பி, குளிரும் நெடுஞ்சாலையில் காரோடிப் போய், அதைவிடக் குளிரான ஒரு மண்டபத்துக்குள் நுழைகிறோம். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பெற்றோர் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்ய வேண்டும் என்பது இவர்கள் சட்டம். எனக்குச் சறுக்கத் தெரியாது, விதிகளும் தெரியாது; ஆகவே தண்டனைப் பெட்டிக்குக் கதவு திறக்கும் பொறுப்பைத் தந்தார்கள்.

பிழை விட்ட பிள்ளை, எந்த அணியானாலும், கண்ணாடி போட்ட அந்தச் சின்ன அறையில் என் பக்கத்தில் வந்து இரண்டு நிமிடம் இருக்க வேண்டும். முதல் நாள் வந்தவன் எதிரணிப் பொடியன். கண் கலங்கிப்போய் இருந்தான். நான் இருக்கும் இடத்துக்கு ஒரு பிள்ளை வந்து, வாங்குப் பலகையில் இருந்து, வெறும் வயிற்றோடு எழும்பிப் போவதா? சிவனேஸ்வரி எனக்குக் கட்டித் தந்த மட்டன் ரோல்ஸில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அண்ணா, அவ்வளவுதான் நான் செய்தது.

அடுத்த வாரம் எதிரணியில் நான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒன்பது பேர். ஜூன் மாதத்தில் ஒருவன் எங்கள் ஆட்கள் யாருமில்லாத இடத்தில் நின்று தன் அணிக்காரனையே தடுக்கி விழுத்திவிட்டு, நடுவர் கை காட்டுமுன் என் கதவடிக்கு வந்து நின்றான். தண்டனையை அறிவிக்க வந்த நடுவரும் தேவையானதைவிடச் சற்று அதிக நேரம் பெட்டியடியில் நின்றார். எதிரணிகளில் எப்போதும் ஆள் குறைந்ததால் எங்கள் அணி வென்றுகொண்டே போனது. எங்கள் பயிற்சியாளர் என்னைக் கட்டிப் பிடித்தார். லீக் செயற்குழு எனக்குக் கடிதம் அனுப்பியது: தண்டனைப் பெட்டி தண்டனைக்குரிய இடம், அங்கே உணவு வழங்கக்கூடாது, இன்னொரு முறை நடந்தால் அணியின் புள்ளிகள் கழிக்கப்படும்.

"ஐஸுக்கு மேலயும் சாப்பாட்டுக்கடை போட்டுட்டீங்களோ?" என்று சிவனேஸ்வரி கேட்டாள். கேட்டுக்கொண்டே எத்தனை பேர் சாப்பிட்டார்கள், உறைப்புக் கூடவா என்று விசாரித்தாள்.

இறுதியாட்டத்துக்கு நான் வெறுங்கையோடுதான் போனேன். ஜாக்கெட் பையில் ஒன்று மட்டும் இருந்தது, அது எனக்கு. இரண்டுக்கு இரண்டு, கடைசி மூன்று நிமிடம். எதிரணியின் ஏழாம் இலக்கப் பிள்ளை கோல் போடப் போன நேரத்தில், பருவம் முழுக்க ஒரு பிழையும் விடாத நம் மிருணாளினி மட்டையைக் குறுக்கே விட்டு அவளை விழுத்தினாள். நான் கதவைத் திறந்தேன். என் மகள் வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, ரோல்ஸ் இருக்கா?"

"குடுக்கக்கூடாது எண்டு கடிதம் வந்ததெல்லே, பிள்ளை?"

"ஐ நோ."

"முழங்கால் நோகுதோ?"

"கொஞ்சம். அப்பா, அந்த நம்பர் செவன் என்னைவிட நல்லா விளையாடுறாள். எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

சிரித்தாள். பிறகு பள்ளிக்கூடம், சண்டை பிடித்த சிநேகிதி, கணக்கு வாத்தியார் என்று பேசிக்கொண்டே போனாள். ஒரு வருடமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் "ஓகே", "ஃபைன்". எதிரணி கோல் போட்டால் தண்டனை அங்கேயே முடிந்துவிடுமாம். ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் ஏழாம் இலக்கம் போட்டுவிட்டாள். வெற்றிக்கிண்ணம் கைவிட்டுப் போனது. எனக்கு அந்த மிச்ச இருபது விநாடியில்தான் கோபம்.

வெரிபீ வரும்வரை காரில் அவள் ஒரு சொல் பேசவில்லை. ரோல்ஸ்காரனின் மகள் என்று மற்றப் பிள்ளைகள் கூப்பிடுகிறார்களாம்; வெட்கப்படுகிறாள் என்று நினைக்கிறேன். ஆகவேதான் சொல்கிறேன், நிற்பாட்டிவிடுவோம்.

அண்ணிக்கு எங்கள் வணக்கம். சுபாங்கனுக்கு ஆசிகள், அவன் வளர்ந்தது போதும், இனிச் சப்பாத்துச் சிறிதாகாமல் இருக்கட்டும்.

உங்கள் அன்புத் தம்பி,
முரளிதரன்

பின்குறிப்பு: முத்திரை வாங்க மூன்று நாள் பிந்தியதில் நிலைமை மாறிவிட்டது. தயவுசெய்து கூப்பிட வேண்டாம். மிருணாளினி விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாள். பெற்றோர் எந்த வேலை செய்வார் என்ற கேள்விக்கு, "தண்டனைப் பெட்டி. என் அப்பா மட்டும்" என்று எழுதியிருக்கிறாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சுபாங்கனின் அடுத்த அளவுச் சப்பாத்து இருந்தால் அனுப்புங்கள். அண்ணியிடம் மரக்கறி ரோல்ஸ் செய்யும் பக்குவமும் கேட்டு எழுதுங்கள். ஏழாம் இலக்கப் பிள்ளை இறைச்சி தொடமாட்டாளாம். அடுத்த பருவம் அவள் அடிக்கடி என் பக்கத்தில் வந்து இருக்க வேண்டும்.