ஒண்டி ஆளுக்கு இலை கிடையாது

பசியோடு வந்த ஆளைப் பட்டினி போட்டே பேர் வாங்கிய ஓட்டல்காரர் இந்தத் தமிழ்நாட்டில் ஒருவர்தான். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ராத்திரிக் கடை வைத்திருப்பவர். ஊரில் அவருக்குப் பெயர் ஜோடி. சொந்தப் பெயர் என்னவென்று அவருக்கே நினைவிருக்குமா, சந்தேகம்தான்.

நான் ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர்காரன். மாதம் ஒருமுறை சேலத்திலிருந்து காஞ்சிபுரம் வந்து, நாள் முழுக்க மையில் புரண்டு, ராத்திரி லாட்ஜில் விழுவேன். முதல் தடவை ஜோடி கடைக்குப் போனபோது கல்லில் தோசை, பக்கத்தில் வடகறி கொதிக்கிறது. வாசனையிலேயே பாதி உயிர் போய்விட்டது. பெஞ்சில் உட்காரப் போனேன்.

"ஒண்டி ஆளுக்கு இலை கிடையாது சார். இன்னொருத்தர் வரட்டும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. காசு கொடுத்துச் சாப்பிட எனக்கு எதற்கய்யா துணை? அவர் அசையவில்லை. ஒரு காலத்தில் தறியில் உட்கார்ந்தவராம். கோர்வைச் சேலையில் உடம்பும் கரையும் தனித்தனி நிறம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து நூல் நாடாவைத் தள்ளினால்தான் சேலை வரும். தனியாக நெய்ய முடியாததைப் போலத் தனியாகச் சாப்பிடவும் முடியாது என்பது அவர் கட்சி. கடைசியில் ஒரு லாரி டிரைவர் வந்தார். அவரைக் கட்டிப்பிடிக்காத குறையாக எதிரே உட்கார வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கல்தோசை இருக்கிறதே, அதற்காக எவன் முன்னாலும் உட்காரலாம்.

அதன் பிறகு ஜோடி என்னை யார் யாரோடோ உட்கார வைத்தார். மற்றவர்களையும் விடுவதில்லை. காலையில் அபராதம் போட்ட போலீஸ்காரருக்கு எதிரே அபராதம் கட்டிய ஆட்டோக்காரரையே உட்கார வைத்தார். முதல் தோசை வரை இருவரும் சுவரைப் பார்த்தார்கள். மூன்றாவது தோசைக்குப் போலீஸ்காரர் தன் வடகறியை அந்தப் பக்கம் தள்ளினார்.

ஒரு மழை நாளில் ஈ காக்கை இல்லை. எனக்கோ குடல் சுருண்டுவிட்டது. ஜோடி மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், கோயில் பார்க்க வந்த ஆந்திராக்காரர் ஒருவரைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்தார். அவர் ஏற்கெனவே சாப்பிட்டவர். எனக்குத் துணையாக இன்னொரு முறை, என்னைவிட இரண்டு தோசை கூடுதலாகவே சாப்பிட்டார்.

ஊரையே சேர்த்து உட்கார வைத்த மனுஷனுக்குச் சொந்த வீட்டில் மட்டும் முடியவில்லை. மகள் பக்கத்து ஏனாத்தூரில் காலேஜ் படித்தபோது கூடப் படித்த அந்த ஊர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வீட்டில் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அன்றிலிருந்து மகளிடம் பேச்சு இல்லை, மாப்பிள்ளை முகத்தில் விழிப்பதில்லை. இதைச் சொன்னது உள்ளே சட்னி அரைக்கும் அவர் மனைவி. மகள் இப்போது கர்ப்பமாம். "அடுத்த மாசம் வளகாப்பு சார். அப்பா வருவாரான்னு டெய்லி போன் பண்ணிக் கேட்டுக்கினு இருக்குது. நான் இன்னா சொல்றது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று எனக்குத் துணையாக இருந்தவர் முடித்துக் கிளம்பிவிட்டார். எனக்கு இரண்டாவது தோசை அப்போதுதான் இலையில் விழுந்திருந்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பையன் உள்ளே வந்தான்.

"ஒரு இலை போடுங்க மாமா."

ஜோடியின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது. "ஒண்டி ஆளுக்கு இலை கிடையாது."

"தெரியும் மாமா. அதான் ஒண்டியா வந்தேன்."

கடையில் நாங்கள் மூன்று பேர்தான். ஜோடி சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் என்னைக் கண்டுபிடித்தார். அந்தச் சாரோட குந்து என்று முனகினார்.

என் இலையைப் பார்த்தேன். பொன்னிறத் தோசை, ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை. நடுவில் வடகறி ஆவி விடுகிறது. வயிறு என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. கண்ணை மூடிக்கொண்டு இலையை மடித்து எழுந்துவிட்டேன். எனக்குப் போதும் என்றேன்.

"அஞ்சு தோசை துன்ற ஆளு சார் நீ" என்றார் ஜோடி. குரலில் கெஞ்சல்.

அதற்குள் அவர் மனைவி வெளியே வந்து, எதிரும் புதிருமாக இரண்டு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார். திருப்பியைப் புருஷன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஜோடி லுங்கியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் கை கழுவித் திரும்பியபோது, மாப்பிள்ளை இலையில் அவரே வடகறி ஊற்றிக்கொண்டிருந்தார். "சூடா இருக்குது. பாத்துத் துன்னு."

அடுத்த மாதம் போனேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். "ஏனாத்தூர்ல வளகாப்பு சார். ஜெராக்ஸ் சார் வந்தா ஆட்டோ ஏத்தி அனுப்பு, லாட்ஜுல ஒண்டியா குந்திக்கினு இருப்பாருன்னு சொல்ட்டுப் போனாரு."

வெறும் கையோடு போகிறோமே என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு நல்ல பசியோடு ஆட்டோவில் ஏறினேன். அந்த மனுஷனுக்கு அதைவிட வேறென்ன கொண்டுபோவது?